முதலில் மெர்வ் காட்டட்டும்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மெர்வ் ஹாக்கிங்கைப் பிடிக்காது. சீட்டுப் போடுகிறவன் யார் பக்கமும் சாயக் கூடாது என்பது புல்தரையில் பந்து உருட்டும் எங்கள் பௌல்ஸ் கிளப்பின் விதி. பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் போக்கர் மேஜையில் நான்தான் சீட்டுப் போடுகிறேன், ஒரு நாளும் சாய்ந்ததில்லை. ஆனால் ஒருத்தனைப் பிடிக்காமல் இருக்கக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதவில்லையே.

மெர்வ் முப்பது வருஷம் மாட்டுச் சந்தையில் ஏலம் போட்டவன். அவன் வாயைத் திறந்தால் கரும்புக் காட்டுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து நிற்கும். ஓய்வு பெற்ற பிறகு அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நேரே எங்கள் மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டான்.

எங்கள் ஆட்டத்தில் காசு கிடையாது. பிளாஸ்டிக் சில்லுகள்தான். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. வருஷக் கடைசியில் இறுதி ஆட்டம். அதில் ஜெயிக்கிற ஒருவருக்கு பிரிஸ்பேனில் நடக்கும் மாநிலப் போட்டியில் ஒரு நாற்காலி. அவ்வளவுதான் பரிசு. ஆனால் அதற்கு அடித்துக்கொள்வதைப் பார்த்தால் குயின்ஸ்லாந்தையே எழுதிக் கொடுக்கிறார்களோ என்று தோன்றும்.

பந்தயமெல்லாம் முடிந்து இரண்டு பேர் மிஞ்சினால், கடைசியாகப் பந்தயம் வைத்தவன் முதலில் தன் இரண்டு சீட்டையும் திருப்பிப் போட வேண்டும். வாயால் சொல்வதற்கு மதிப்பே இல்லை. முகம் தெரிய மேஜையில் கிடக்கும் சீட்டுக்குத்தான் மதிப்பு. அதே சமயம், தோற்றுவிட்டோம் என்று நினைத்து ஒருவர் தன் சீட்டைக் கவிழ்த்து எறிந்துவிட்டால் அது செத்த சீட்டு. அதில் ரெண்டு ஏஸ் இருந்திருந்தாலும் செத்ததுதான். திரும்ப எடுக்க முடியாது.

மெர்வ் பிழைப்பு நடத்தியது இந்த இடைவெளியில்தான். பந்தயத்தை ஏற்றுவான். எதிராளி அதே அளவு சில்லு வைத்து ஈடு கட்டியதும் சீட்டைத் திருப்ப மாட்டான். "என்கிட்ட ரெண்டு ஜோடி" என்று ஏலக்குரலில் ஒரு அதட்டல். மரியாதை தெரிந்த ஆள் எதிரே உட்கார்ந்திருந்தால், "அப்படியா, நல்லா ஆடினே" என்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிடுவார். முடிந்தது கதை. மெர்வ் சிரித்துக்கொண்டே சில்லுகளை வாரிக்கொள்வான்.

இன்னொரு தந்திரமும் வைத்திருந்தான். கையிலிருக்கும் சில்லுகளை மொத்தமாகத் தள்ளினால், ஈடு கட்டப்பட்டதும் இருவருமே உடனே சீட்டைத் திருப்பியாக வேண்டும். அது போட்டி விதி. அப்போது வாய்க்கு வேலையில்லை. அதனால் மெர்வ் எப்போதும் ஒரே ஒரு சில்லைக் கையில் நிறுத்திக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளுவான். அந்த ஒற்றைச் சில்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இனி கிளெனிஸ். கிளெனிஸ் பாஸ்கோ எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறாள். நாற்பது பிள்ளைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கண்ணாடியிலேயே முறைத்து அடக்கிவிடுவாள். எங்கள் கிளப்பில் அவளைவிட நன்றாகச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அடுத்தவர் ஒன்று சொன்னபிறகு "எங்கே, காட்டு" என்று கேட்பது அநாகரிகம் என்று வளர்க்கப்பட்டவள். மெர்வ் மாதிரி ஆளுக்கு இப்படி ஒருத்தி கிடைத்தால் விடுவானா?

மூன்று வருஷம் தொடர்ந்து இறுதி ஆட்டத்தில் அவள் அவனிடம் தோற்றாள். போன வருஷம் தோற்றதுதான் கொடுமை. அவன் ஒரு சில்லை நிறுத்திக்கொண்டு மீதியைத் தள்ளினான். அவள் ஈடு கட்டினாள். "ரெண்டு ஜோடி, கண்ணு" என்றான். "மெர்வ், சீட்டைத் திருப்பு" என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவள் சீட்டு கவிழ்ந்து என் முன்னால் வந்து விழுந்துவிட்டது. நான் என்ன செய்ய முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு சில்லுகளை அவன் பக்கம் தள்ளினேன்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கிளப்பின் பின்புறம் எல்லோரும் இறால் சுட்டுக்கொண்டிருந்தோம். கிளெனிஸ் பேச்சுவாக்கில், "என்கிட்ட ரெண்டு பத்து இருந்துச்சு மெர்வ். நீ மட்டும் ரெண்டு ஜோடி வச்சிருக்கலேன்னா ஜெயிச்சிருப்பேன்" என்றாள்.

மெர்வ் இடுக்கியைக் கையில் பிடித்தபடி சிரித்தான். "ரெண்டு ஜோடியா? என்கிட்ட ஒரு மண்ணும் இல்லயே, கண்ணு."

"நீதான சொன்னே?"

"சொன்னேன். காட்டினேனா?"

அங்கே இருந்த முப்பது பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவன் சொன்ன விதம் அப்படி. கிளெனிஸும் சிரித்தாள். ஆனால் முகம் சுண்டிப் போய்விட்டது. அன்றைக்கு நான்தான் அவளை வண்டியில் வீட்டில் விட்டேன். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ட்ரெவர், ஒருத்தன் சத்தமா பேசினா நான் கையில இருக்கறத கீழ போட்டுடறேன். சீட்டுல மட்டும் இல்ல. எப்பவுமே அப்படித்தான் இருந்திருக்கேன்னு இப்பதான் புரியுது" என்றாள்.

"அட, விடு கிளெனிஸ்."

"விடமாட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவை அவனோட கடைசி வரைக்கும் ஆடுவேன். அப்பவும் அவன் வாய்க்குப் பயந்து சீட்டைப் போட்டேன்னு வை, அதோட சரி. இனிமே சீட்டைத் தொடவே மாட்டேன். கிளப் பக்கமும் வரமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நிமிஷம் தாமதமாக பஸ் எடுக்காதவள், சொன்னால் செய்வாள். ஞாயிற்றுக்கிழமை கிளெனிஸ் இல்லாத மேஜையை நினைத்தாலே எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

இந்த வருஷ இறுதி ஆட்டத்துக்கு ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். நாலரை மணிக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். யாரென்று சொல்ல வேண்டுமா?

வெயில் இன்னும் புல்தரையில் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே பந்து உருட்டியவர்கள்கூட விளையாட்டை விட்டுவிட்டு, பீர் கோப்பையோடு வந்து எங்கள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். கிளெனிஸிடம் சில்லுகள் கொஞ்சம் கூடுதல், மெர்விடம் கொஞ்சம் குறைவு. அவள் நீலச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு சீட்டின் மேலும் இடது உள்ளங்கையை வைத்திருந்தாள்.

நடுவில் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஆர்ட்டின் ஒன்பது, கிளாவர் நாலு, ஆர்ட்டின் ராஜா, ஸ்பேட் ரெண்டு. கடைசியாக ஆர்ட்டின் ஆறு. மூன்று ஆர்ட்டின் கிடக்கிறது. கையில் இரண்டு ஆர்ட்டின் வைத்திருப்பவனுக்கு ஐந்தும் ஒரே ஜாதி, அதை அடிக்க இந்தச் சீட்டில் எதுவுமே இல்லை.

மெர்வ் நாற்காலியில் சாய்ந்தான். சில்லுகளையெல்லாம் இரண்டு கையாலும் சேர்த்துத் தள்ளினான். ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். வந்துவிட்டதா அந்தச் சனியன் என்று மனசுக்குள் திட்டினேன்.

கிளெனிஸ் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "ஈடு கட்டுறேன்" என்று எண்ணித் தள்ளினாள்.

"அஞ்சும் ஆர்ட்டின்!" என்று மெர்வ் முழங்கினான். பாருக்குப் பின்னாலிருந்த கண்ணாடிக் கோப்பைகள் அதிர்ந்திருக்கும். "பாவம் கண்ணு, இந்தத் தடவையும் போச்சே."

நான் அவள் கையைத்தான் பார்த்தேன். போட்டுடாதே, போட்டுடாதே, கடவுளே, போட்டுடாதே. சொல்ல முடியுமா? ஆட்டத்தில் இருப்பவருக்கு யாரும் யோசனை சொல்லக் கூடாது. சீட்டுப் போடுகிறவன் சொல்லவே கூடாது.

உள்ளங்கை அசையவில்லை.

"நல்லது" என்றாள் கிளெனிஸ். "காட்டு."

சுற்றி நின்றவர்களிடம் ஒரு சலசலப்பு. மெர்வ் காதில் விழாதவன் மாதிரி, "என்னது?" என்றான்.

"காட்டுன்னேன். கடைசியா பந்தயம் வச்சது நீ. நீதான் முதல்ல காட்டணும்."

"அதான் சொன்னேனேம்மா, அஞ்சும் ஆர்ட்டின்னு."

"சொன்னே. கேட்டுச்சு. இப்ப காட்டு."

இப்போது எனக்கும் வாய் திறக்க உரிமை வந்துவிட்டது. "மெர்வ், சீட்டைத் திருப்பு. முதல்ல நீதான்" என்றேன். எவ்வளவு நிதானமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு நிதானமாகச் சொன்னேன்.

"இருய்யா. எங்க ஓடிப் போகப் போறேன்?" என்று பீரை எடுத்து ஒரு வாய் குடித்தான். கோப்பையை வைத்தான். மீசையைத் துடைத்தான். எத்தனை நிமிஷத்துக்குள் திருப்ப வேண்டும் என்று எங்கள் கிளப்பில் கணக்கு இல்லை. வைக்க வேண்டும் என்று கமிட்டியில் நான் இரண்டு முறை சொன்னேன், யார் கேட்டார்கள்?

கிளெனிஸ் தன் சீட்டை முதலில் திருப்பிப் போட்டிருக்கலாம். அதுவும் விதிக்கு உட்பட்டதுதான். அவசரக்காரர்கள் அப்படித்தான் முடித்துக்கொள்வார்கள். ஆனால் ஈடு கட்டியவளுக்கு எதிராளியின் சீட்டைப் பார்க்கிற உரிமை இருக்கிறது. டிக்கெட் வாங்கிவிட்டு எதற்குப் படம் பார்க்காமல் எழுந்து போக வேண்டும்? அவள் உட்கார்ந்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது. ஐந்து மணி. ஞாயிறு ஐந்து மணிக்கு இறைச்சித் தட்டைப் பரிசாகக் கொடுக்கும் குலுக்கல். உலகமே இடிந்து விழுந்தாலும் குலுக்கல் நடத்தும் நோரீன் அதை ஒரு நிமிஷம் தள்ளிவைக்க மாட்டாள்.

"இன்னைக்கு முதல் தட்டு! பன்றி ரோஸ்ட் ஒண்ணு, ஆட்டுச் சாப்ஸ் எட்டு, சாசேஜ் ரெண்டு கிலோ! பச்சைச் சீட்டு, அறுபத்து மூணு!" என்றாள் நோரீன்.

யாரும் போகவில்லை.

"பச்சை அறுபத்து மூணு! கிளெனிஸ், உன் நம்பர்தானே அது? என்கிட்டதானே வாங்கினே?"

எல்லோர் தலையும் கிளெனிஸ் பக்கம் திரும்பியது. குலுக்கல் சீட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் வராவிட்டால் வேறு நம்பர் எடுப்பார்கள். அவளுடைய குலுக்கல் சீட்டு சட்டையின் இடது பையில் இருந்தது. எடுத்துக்கொண்டு போக வேண்டுமென்றால் மேஜைச் சீட்டின் மேலிருந்த கையைத் தூக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் சீட்டை விட்டு எழுந்து போனாலும் அது செத்த சீட்டுத்தான்.

மெர்வின் முகம் மலர்ந்தது. "போ கண்ணு, போ. ரோஸ்ட் போயிடும். ஒரு நிமிஷந்தானே, நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்."

பின்னாலிருந்து யாரோ, "பையில இருந்து நான் எடுத்துக் கொடுக்கட்டுமா கிளெனிஸ்?" என்றார்.

"யாரும் என்னைத் தொடாதீங்க" என்றாள் கிளெனிஸ். கண் மெர்வின் மேலேயே இருந்தது.

"ரெண்டாவது தடவை! பச்சை அறுபத்து மூணு!"

"சாப்ஸ் எட்டு இருக்காம்மா" என்றான் மெர்வ். "ஒரு வாரச் சாப்பாடு."

"நீ சீட்டைத் திருப்பு, நான் போய் வாங்கிக்கறேன்."

"எனக்கென்ன அவசரம்?"

"எனக்கும் இல்ல. நாளைக்குக் காலைல ஆறே முக்காலுக்குத்தான் நான் பஸ் எடுக்கணும். அதுவரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

"மூணாவது தடவை! கிளெனிஸ், அட, வாயேன்!"

கிளெனிஸ் திரும்பவே இல்லை. "வேற நம்பர் எடு நோரீன்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். இருபத்தாறு வருஷம் பஸ்ஸின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிய குரல் அது. ஏலக்காரனுடைய குரலுக்கு ஒரு மாற்றுக் குறைவில்லை. இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ!

கூட்டத்தில் ஒருத்தர் கைதட்டினார். நோரீன் வேறு நம்பர் எடுத்தாளா, யார் அந்த ரோஸ்ட்டை வாங்கினார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மெர்வுக்கு முதல்முறையாக நெற்றி வியர்த்தது. தன் சீட்டுகளை எடுத்து இன்னொரு முறை பார்த்தான். பார்த்தால் மாறிவிடுமா? பிறகு ஒரு சீட்டை மட்டும் உருவி, படாரென்று மேஜையில் திருப்பிப் போட்டான். ஆர்ட்டின் ஏஸ்.

"ஐயோ" என்றது கூட்டம். ஏஸே வைத்திருக்கிறானே.

"போதுமா கண்ணு?" என்றான் மெர்வ்.

கிளெனிஸ் அந்தச் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பயம் இல்லாமல் இல்லை. பயத்தோடுதான் உட்கார்ந்திருந்தாள்.

"நான் உனக்குக் கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. என் பேரு கிளெனிஸ். இன்னொரு சீட்டு எங்க?"

"ஏஸ் வச்சிருக்கறவன் இன்னொரு ஆர்ட்டின் இல்லாமயா இவ்வளவு தள்ளுவான்?"

"அது நீ சொல்றது."

"மெர்வ்" என்றேன். "ஒரு சீட்டு காட்டினா அது காட்டினதா ஆகாது. ரெண்டையும் திருப்பணும். இல்லேன்னா ரெண்டையும் கீழ போடு. இதுக்கு மேல பேச்சு வேண்டாம்."

மெர்வ் என்னைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். எங்காவது ஒரு சிரிப்புக் கிடைக்குமா என்று தேடினான் போலிருக்கிறது. இறால் சுட்ட அன்றைக்குச் சிரித்த அதே முப்பது பேர்தான் நின்றார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. கடைசியாக கிளெனிஸைப் பார்த்தான். பஸ் கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கை ஏஸைத் தூக்கி இன்னொரு சீட்டின் மேல் கவிழ்த்தது. இரண்டையும் சேர்த்து என் பக்கம் விட்டெறிந்தான். "எடுத்துத் தொலை" என்றான்.

செத்த சீட்டு. நானே அதைக் கழிவுச் சீட்டோடு சேர்த்தேன். வாழ்க்கையில் எந்தச் சீட்டையும் அவ்வளவு சந்தோஷமாக நான் சேர்த்ததில்லை.

கிளப் கூரை பிய்த்துக்கொண்டு போகும் போலக் கத்தினார்கள். நான் கத்தவில்லை. மெர்விடம் இன்னும் அந்த ஒற்றைச் சில்லு இருந்தது, ஆட்டம் முடியவில்லை. நான் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, சில்லுக் குவியல் முழுவதையும் கிளெனிஸ் பக்கம் தள்ளினேன்.

எதிரே சீட்டு இல்லையென்றால், மிஞ்சியவர் தன் சீட்டைக் காட்டாமலேயே ஜெயிக்கலாம். கிளெனிஸ் உள்ளங்கையை எடுத்தாள். இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே என்னிடம் நகர்த்தினாள். நான் பார்க்கவில்லை, பார்க்கிற வழக்கமும் எனக்கில்லை. எத்தனையோ முறை அவள் இப்படிக் கவிழ்த்து நகர்த்தியிருக்கிறாள், எல்லாம் தோற்றதாக நினைத்து. இன்றைக்கு ஜெயித்தவளாக நகர்த்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்.

"ஏய், உன்கிட்ட என்ன இருந்துச்சு?" மெர்வ் பாதி எழுந்துவிட்டான். "காட்டு."

"எதுக்கு? நீதான் சீட்டைப் போட்டுட்டியே" என்றேன் நான்.

அடுத்த ஆட்டம். அவனுடைய ஒரே சில்லு, ஆட்டத் தொடக்கத்திலேயே வைத்தாக வேண்டிய கட்டாயப் பந்தயமாகவே உள்ளே போய்விட்டது. மொத்தமும் உள்ளே. இருவரும் உடனே சீட்டைத் திருப்ப வேண்டும், வேறு வழியே இல்லை. மெர்விடம் ஒரு ராஜாவும் மூன்றும். கிளெனிஸிடம் இரண்டு எட்டு. நடுவில் ஐந்தையும் திருப்பினேன். ராஜாவும் வரவில்லை, மூன்றும் வரவில்லை.

"ரெண்டு எட்டு!" என்று கத்தினேன். "கிளெனிஸ் பாஸ்கோ! பிரிஸ்பேனுக்கு கிளெனிஸ் பாஸ்கோ!" ஆட்டம் முடிந்துவிட்டதே, இனி நான் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயலாம். சீட்டுக்கட்டைத் தூக்கிக் கூரைக்கு எறிந்தேன். நோரீன் மைக்கை வைத்துவிட்டு ஓடிவந்து கிளெனிஸைக் கட்டிக்கொண்டாள். யாரோ பீரை என் தலையில் ஊற்றினார்கள். கிளெனிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே மேஜையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

மெர்வ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையை நீட்டினான். அதையாவது செய்தானே. அவள் குலுக்கினாள். அவன் கையை விடவில்லை. குரலைத் தாழ்த்தி, அவனுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும், கிட்டத்தட்டக் கெஞ்சினான்.

"கிளெனிஸ், போனது போகட்டும். நிஜமா சொல்லு. அந்த ஆட்டத்துல உன்கிட்ட என்னதான் இருந்துச்சு?"

கிளெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு இதே நாற்காலில இருப்பேன் மெர்வ். என் சீட்டைப் பாக்கணும்னா, ஈடு கட்டிப் பாரு."